இடது பக்கம் அடிக்கும் மணி

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி எழுதுகிறேன். இங்கே எல்லோரும் நலம் என்று ஆரம்பிப்பதுதான் முறை, ஆரம்பித்துவிட்டேன், எந்த அளவுக்கு நலம் என்பது போகப்போகத் தெரியும். நீயும் அங்கே நலமாக இருப்பதாக நாங்களாகவே முடிவு செய்துகொண்டோம், உன்னிடமிருந்துதான் ஒரு வரி கூட வருவதில்லையே. மாதா மாதம் அப்பா எழுதும் கடிதம் இந்த மாதம் என் கையெழுத்தில் ஏன் வந்திருக்கிறது என்று பதறிப்போய் உடனே போனைத் தூக்காதே. போனில் நாங்கள் மூன்று பேரும் ஒரே நேரத்தில் பேசுவோம், உனக்குக் காதில் விழுவது அம்மாவின் "சாப்பிட்டியா" மட்டும்தான். அதனால் உட்கார்ந்து முழுசாகப் படி. விஷயம் இதுதான், அப்பா இனிமேல் வண்டி ஓட்டலாமா கூடாதா. டாக்டர் கூடவே கூடாது என்கிறார். அப்பா காரில்தான் கோளாறு என்கிறார். உனக்கு எழுதச் சொல்லிப் போன வாரம் எனக்குக் கொடுத்த வாசகம், "சென்சார் ரிப்பேர், மாத்திட்டாங்க, இப்ப சரியாயிடுச்சு." எழுதிவிட்டேன். இனி நடந்ததை எழுதுகிறேன்.

முதலில் கார். நீ அங்கே உட்கார்ந்துகொண்டு பதினெட்டு வீடியோ பார்த்து, அம்மாவின் முழங்காலுக்கு உயரமான சீட்தான் நல்லது என்று அடம்பிடித்துத் தேர்ந்தெடுத்த குட்டி எஸ்யூவி வந்து ஆறு வாரம் ஆகிறது, ஆயிரத்து நூற்றுச் சொச்சம் கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. உன் தேர்வைக் குறை சொல்லக் கூடாது என்று அம்மா உத்தரவு, அதனால் நிறையிலிருந்து தொடங்குகிறேன். சீட் உயரம் நிஜமாகவே நன்றாக இருக்கிறது, அம்மா முனகாமல் ஏறுகிறாள், முனகாமல் இறங்குகிறாள். பின் சீட்டுக்கும் ஏசி காற்று வருகிறது. நிறை முடிந்தது. பழைய காரில் காற்றைக் கூட்ட ஒரு திருகு போதும், இதில் திரையில் மூன்று இடத்தில் தொட வேண்டும், தொட்டு முடிப்பதற்குள் இறங்கும் இடம் வந்துவிடும். திரையைச் சுற்றிப் பளபளவென்று ஒரு கறுப்புப் பிளாஸ்டிக், அதில் பதிந்திருக்கும் கைரேகைகளை வைத்து ஒரு போலீஸ் ஸ்டேஷனே நடத்தலாம். வேகத்தடையில் ஏறினால் முதுகெலும்பில் எத்தனை துண்டு என்று எண்ணிவிடலாம். மைலேஜ் பதினெட்டு என்று கார் தன்னைப் பற்றித் தானே சொல்லிக்கொள்கிறது, டேங்க் நிரப்பி நிரப்பி நான் பார்த்ததில் பதின்மூன்றரை. கூரையில் ஜன்னல் வைத்த மாடல்தான் வேண்டும் என்றாயே, ஒரே ஒரு முறை திறந்தோம், ஒரு காக்கா தன் கருத்தைத் தெரிவித்துவிட்டுப் பறந்தது. வாயால் சொன்னாலே கேட்கும் என்றார்கள், அப்பா மூன்று முறை "வீட்டுக்குப் போ" என்றார், அது மூன்று முறையும் மன்னிக்கவும் என்றது. "நம்ம வீட்ல மன்னிப்பு கேட்கிற ஒரே ஆள் வந்து சேர்ந்திருக்கு, திட்டாதீங்க" என்றாள் அம்மா.

இதெல்லாம் பரவாயில்லை, மணிதான் பிரச்சினை. சாலைக் கோட்டை விட்டுச் சக்கரம் விலகினால் ஒரு மணி, பக்கத்தில் சுவர் வந்தால் ஒரு மணி. முப்பத்தேழு வருஷம் டிரைவிங் ஸ்கூல் நடத்தி ஊரில் பாதிப் பேருக்கு ஸ்டியரிங் பிடிக்கச் சொல்லிக்கொடுத்தவருக்கு, கட்டைவிரல் அளவு கேமரா ஒன்று பாடம் எடுத்தால் எப்படி இருக்கும்? முதல் நாளே அதற்கு ஹெட்மாஸ்டர் என்று பெயர் வைத்துவிட்டார். அதுவும் எப்போதும் இடது பக்க மணிதான். இரண்டு முறை சர்வீஸ் சென்டருக்குப் போனோம். டை கட்டிய ஒரு இளைஞர் டேப்லட்டைத் தடவிக்கொண்டே, "சார், நம்ம டிரைவர் முப்பது கிலோமீட்டர் ஓட்டினார், ஒரு தடவை கூட அடிக்கலை சார்" என்றார். "உங்க டிரைவரைப் பார்த்தா அதுக்கே பயமா இருந்திருக்கும்" என்றார் அப்பா. நான் ஓட்டினாலும் அடிக்கவில்லை என்பதை நான் அங்கே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை, எனக்குத்தான் அதைவிடப் பெரிய ஆராய்ச்சி இருந்ததே.

உனக்குத் தெரியும், தராசும் அளவுமானியும் சரியாகக் காட்டுகிறதா என்று சோதித்து முத்திரை வைப்பதுதான் என் வேலை. ஞாயிற்றுக்கிழமை காலையில் வீட்டுக்குப் பின்னால் இருக்கும் தெருவில் சாக்பீஸால் கோடு போட்டு, அப்பாவை இருபத்திரண்டு முறை ஓட்ட வைத்து, சக்கரத்துக்கும் கோட்டுக்கும் இடையில் டேப் வைத்து அளந்தேன். நான் ஓட்டினால் ஒவ்வொரு முறையும் அறுபது சென்டிமீட்டரை ஒட்டி வந்தது, அவர் ஓட்டினால் ஐம்பது, பன்னிரண்டு, நாற்பது, ஒரு முறை கோட்டின் மேலேயே. உடனே ஞானம் பிறந்தது. வாழ்நாள் முழுவதும் கற்றுக்கொள்பவர்களுக்குப் பக்கத்தில் இடது சீட்டில், காலடியில் தனி பிரேக்கோடு உட்கார்ந்தே ரோட்டைப் பார்த்த மனிதர், வலது சீட்டுக்கு வந்த பிறகும் மனசுக்குள் இடது சீட்டிலேயே உட்கார்ந்திருக்கிறார், அதனால் வண்டி இடது பக்கம் ஒதுங்குகிறது. எவ்வளவு அழகான விளக்கம், அப்பாவுக்கும் ரொம்பப் பிடித்துப் போய்விட்டது, தெருவில் இரண்டு பேரிடம் என்னைக் காட்டிச் சொன்னார். பழக்கத்தால் வரும் பிழை எப்போதும் ஒரே அளவில் இருக்கும், தாறுமாறாக வந்தால் காரணமே வேறு என்று வாரம் ஒருவரிடமாவது நான் ஆபீஸில் பாடம் எடுக்கிறேன். வீட்டில் எடுக்க மறந்துவிட்டேன். அதோடு நிற்கவும் இல்லை, அவர் நிம்மதியாக ஓட்டட்டும் என்று திரையில் நான்கு இடத்தில் தொட்டு அந்த மணியை அணைத்துவிட்டேன். ஆமாம், அணைத்தது நான்தான்.

அடுத்த வியாழக்கிழமை அம்மாவை முழங்கால் பயிற்சிக்குக் கூட்டிக்கொண்டு போகும்போது, நம் தெரு திரும்பும் இடத்தில் மருந்துக்கடை வாசல் தூணில் இடது பக்கம் முழுவதையும் உரசிவிட்டார். பக்கக் கண்ணாடி உடைந்து திறந்திருந்த ஜன்னல் வழியாக அம்மா மடியில் கொட்டியது. சைக்கிளில் எதிரே வந்த நம் தபால்காரர் வண்டியைப் போட்டுவிட்டுக் கடைப் படிக்கட்டுக்குத் தாவி ஏறியதால் பிழைத்தார், இந்தக் கடிதத்தை எடுத்துப் போகப் போவதும் அவர்தான், பார்க்கும்போதெல்லாம் என் முதுகுக்குப் பின்னால் கார் வருகிறதா என்று எட்டிப் பார்க்கிறார். அம்மாவுக்கு முழங்கையில் ஒரு கீறல், அவ்வளவுதான், நீ பயப்படும் அளவுக்கு இல்லை, நான் பயந்த அளவைப் பற்றி எழுதப் போவதில்லை. அப்பா இறங்கித் தூணைப் பார்த்துவிட்டு, "மணியே அடிக்கலைடா, பாத்தியா, ரிப்பேர்னு சொன்னேன்ல" என்றார். அணைத்தது யார் என்று அன்று சாயங்காலம் சொன்னேன். "சரி விடு" என்றார். நன்றாகத் திட்டியிருந்தால் தேவலை.

கண்டுபிடித்தது எந்தக் கருவியும் இல்லை, அம்மாதான். "ஏங்க, இடது கைப் பக்கம் வைக்கிற டம்ளரை இந்த வாரத்துல நாலு தடவை தட்டி விட்டுட்டீங்க, சாப்பாட்டு மேஜைல எந்த சென்சார் ரிப்பேர்?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திருக்காமல் மறுநாள் கண் ஆஸ்பத்திரியில் கொண்டு நிறுத்தினாள். நீயும் அப்பா கடைசியாக அனுப்பிய இரண்டு கடிதங்களை எடுத்துப் பார். மேலே ஒழுங்காகத் தொடங்கியிருப்பார், கீழே போகப்போக இடது பக்கம் பாதித் தாள் காலியாகக் கிடக்கும். அவை இரண்டையும் அஞ்சலில் சேர்த்தவன் நான், காகிதத்தை வீணாக்குகிறார் என்று அப்போது கிண்டல் வேறு செய்தேன். ஆஸ்பத்திரியில் ஒரு வெள்ளைக் கிண்ணத்துக்குள் முகத்தை வைக்கச் சொல்லி, புள்ளி புள்ளியாக வெளிச்சம் காட்டி, தெரியும்போதெல்லாம் பட்டனை அழுத்தச் சொன்னார்கள். வந்த படத்தில் இரண்டு கண்ணுக்கும் இடது பக்கம் கீழ் மூலை கறுப்பு. "ரெண்டுலயும் ஒரே மூலைன்னா கோளாறு கண்ணுல இல்லை" என்று டாக்டர் ஸ்கேனுக்கு அனுப்பினார். மூளையில் ஒரு சின்ன அடைப்பு, மூன்று நான்கு மாதம் பழசாம். ஒரு நாள் தலைவலி என்று மாத்திரை போட்டுக்கொண்டு சாயங்காலம் வரை தூங்கினாரே, அன்று வந்ததாகத்தான் இருக்கும் என்கிறார்கள். அந்த மூலை இருட்டாகக் கூடத் தெரியாதாம், இல்லாதது இல்லை என்றே தெரியாதாம். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை, பிரஷருக்கு மாத்திரை, நடக்கலாம், சாப்பிடலாம், சண்டை போடலாம், வண்டி மட்டும் வேண்டாம் என்றார் டாக்டர். அப்பா அவரையே கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்துவிட்டு, "நீங்க டிரைவிங் எங்க கத்துக்கிட்டீங்க?" என்றார். "உங்ககிட்டதான் சார், பன்னிரண்டு வருஷம் முன்னாடி" என்றார் டாக்டர். "அதான பாத்தேன். ரிவர்ஸ் உங்களுக்குக் கடைசி வரைக்கும் வரலை." இன்னும் வரவில்லை என்று டாக்டர் ஒப்புக்கொண்டார், ஆனால் மருந்துச் சீட்டில் எழுதியதை அடிக்கவில்லை.

வீட்டுக்கு வந்து மூன்று நாள் கார் சாவியைச் சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டு சுற்றினார், குளிக்கப் போனால் சாவியும் குளிக்கப் போனது. நான் படத்தைக் காட்டி, சதவீதம் சொல்லி, விபத்துக்கு எவ்வளவு வாய்ப்பு என்றெல்லாம் விளக்கினேன். என் திறமை உனக்குத் தெரியும், பேசப் பேச அவர் அந்தச் சட்டைப் பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். நான்காம் நாள் அம்மா கையை நீட்டினாள். "சாவியைக் குடுங்க. நான் ஓட்டுறேன்." நாலாயிரம் பேருக்குக் கற்றுக்கொடுத்தவர் அவளுக்கு மட்டும் கற்றுக்கொடுக்கவில்லை, கேட்டபோதெல்லாம் "உனக்கு எதுக்கு, நான்தான் இருக்கேனே" என்றுதான் பதில். இப்போதும் அதையே சொல்ல வாயெடுத்தார், பாதியில் நிறுத்திவிட்டார். ஐம்பத்தொன்பது வயசில் அம்மா எல்எல்ஆர் எழுதப் போனாள். அத்தனை வருஷமும் அப்பாவின் மாணவர்கள் எழுதிய மாதிரித் தேர்வுத் தாள்களைச் சமையல் மேடையில் வைத்துத் திருத்தியவள் அவள்தானே, ஒரு கேள்வி கூடத் தப்பவில்லை, கேள்வித்தாளில் இருந்த ஒரு பிழையைக் காட்டிவிட்டு வந்திருக்கிறாள்.

நேற்றுக் காலை சந்தை மைதானத்தில் முதல் பாடம். மணியை மறுபடி போட்டுவிட்டேன், அது அம்மாவுக்கு இடது வலது என்று பாரபட்சம் பார்க்காமல் அடிக்கிறது. நான் பின் சீட்டில். அப்பா இடது சீட்டில் ஏறி உட்கார்ந்ததும் இருபது வயசு குறைந்த மாதிரி நிமிர்ந்தார், அம்மா வேகம் கூட்டும்போதெல்லாம் காலடியில் இல்லாத பிரேக்கை மிதித்து மிதித்துப் புது கால்விரிப்பைக் கசக்கிவிட்டார். கிளட்ச் இல்லாத வண்டி எல்லாம் ஒரு வண்டியா என்று முணுமுணுத்தார், "இருந்தா அதையும் நான் தப்பா மிதிப்பேன், இல்லாததே நல்லது" என்றாள் அம்மா. நான்கு சுற்று ஒழுங்காகப் போனாள். மைதானத்தை விட்டு ரோட்டுக்கு வரும் இடத்தில் நிறுத்தி, எல்லா மனைவிமாரையும் கணவன்மார் கேட்பது போல, "ஏங்க, உங்க பக்கம் ஏதாவது வருதா பாருங்க" என்றாள். கேட்ட பிறகுதான் அவளுக்கே உறைத்தது. அப்பா கழுத்தை முழுசாக இடது பக்கம் திருப்பினார், டாக்டர் அப்படித்தான் பழகச் சொல்லியிருக்கிறார். திரும்பி நேரே பார்த்து உட்கார்ந்தார். "எனக்கு அந்தப் பக்கம் சரியா தெரியலை. நீயே பாத்துக்கோ" என்றார். ஆஸ்பத்திரியிலிருந்து வந்து பத்து நாளில் அவர் வாயால் சொன்னது அதுதான் முதல் தடவை. நான் சீட் பெல்ட்டைச் சரிசெய்துகொண்டிருந்தேன், சரிசெய்ய அதில் ஒன்றும் இல்லை. அம்மா எட்டிப் பார்த்தாள், "ஒண்ணும் வரலை" என்று திருப்பினாள். "இண்டிகேட்டர் எங்க!" என்று அப்பா போட்ட சத்தத்தில் ரோட்டில் போன இரண்டு ஸ்கூட்டர்கள் இண்டிகேட்டர் போட்டன, பழைய மாணவர்களாக இருக்க வேண்டும்.

இதைப் படித்துவிட்டு லீவு கேட்டு டிக்கெட் போட்டு ஓடி வராதே. ஓடி வந்தால் தனக்கு ஏதோ பெரிசாக ஆகிவிட்டது என்று நினைத்துக்கொள்வார். போன் செய், ஆனால் கண்ணைப் பற்றி நீயாகக் கேட்காதே, அவராகச் சொல்லும்வரை காரைப் பற்றியே பேசிக்கொண்டிரு. பொறுமை என்பது உனக்குக் கிடையாது, எனக்கு உன்னைவிடக் கிடையாது, இருந்தாலும் முயற்சி செய். உனக்கும் பிரஷர் பார்த்து நாளாகியிருக்கும், இந்த வாரமே பார்த்து அளவை எழுதி அனுப்பு, "நார்மல்" என்று எழுதினால் ஏற்கமாட்டேன், இரண்டு எண்ணும் வேண்டும்.

எழுதி முடித்து அப்பாவிடம் முழுவதையும் படித்துக் காட்டினேன், ஒரு இடத்தில் கூடக் குறுக்கே பேசவில்லை, எனக்கே கொஞ்சம் பயமாகிவிட்டது. கடைசியில், "நீளமா இருக்கு, ஆனா அனுப்பு. அம்மா நல்லா ஓட்டுறான்னு ஒரு வரி சேர்த்துக்கோ" என்றார். சமையலறையிலிருந்து அம்மா, "என்ன சொன்னீங்க, காதுல விழலை" என்றாள். மறுபடி சொல்ல மாட்டேன் என்று போய்ப் படுத்துவிட்டார். அம்மாவுக்கு முதல் தடவையே நன்றாகக் கேட்டது, எனக்குத் தெரியும்.

அப்பா அம்மா இருவரின் ஆசியும் உனக்கு எப்போதும் உண்டு. வேளைக்குச் சாப்பிடு.

இப்படிக்கு,
அணைத்த மணியைத் திரும்பப் போட்ட
உன் தம்பி