மனப்பாடமாகத் தெரிந்த நம்பர்

தாராவி
2 ஜூன் 2025

அன்புள்ள ஷமீமா அக்காவுக்கு,

விஜயராணி எழுதுவது. மான்குர்த்தில் நீங்கள், ஷாகிர் அண்ணன், மகள் ஜோயா எல்லோரும் சுகம்தானே? ஜோயாவின் நிக்காஹ் பேச்சு நல்லபடி போகிறது என்று கேட்டுச் சந்தோஷப்பட்டேன்.

கையில் போனை வைத்துக்கொண்டு இவள் ஏன் காகிதத்தில் எழுதுகிறாள் என்று சிரிப்பீர்கள். அந்தப் போன்தான் அக்கா எனக்கு எமன். மகளின் நர்சிங் ஃபீஸுக்காக ஒரு லோன் ஆப்பில் வாங்கினேன். அதை அடைக்க இன்னொன்று, அதை அடைக்க வேறொன்று, இப்போது நாலு. என் போனில் இருக்கிற நம்பர், போட்டோ எல்லாம் அவர்கள் கையில். நேற்று ஒருத்தன் கூப்பிட்டு, "தேரே ஆத்மி கோ பதா தூன் க்யா?" என்றான். உன் புருஷனிடம் சொல்லட்டுமா என்று கேட்கிறான். அதிலிருந்து தையல் மெஷினில் உட்கார்ந்தாலும் போனையே பார்த்துக்கொண்டிருக்கிறேன். நான் பேசுவதையும் கேட்பார்களோ என்று பயம்.

இவருக்குத் தெரியாது. பம்பாயில் பிறந்து இந்திப் பள்ளிக்கூடத்தில் படித்தவர், தமிழ் எழுத்து ஒன்றும் படிக்க வராது. அதனால் கடிதம் வீட்டில் கிடந்தாலும் கவலையில்லை.

மூன்று வருஷம் முன்னே நீங்கள் கடனிலிருந்து மீண்டீர்களே, அப்போது ஆலோசனை சொன்ன இடம் எது? நம்பலாமா? இங்கே பூதத்தான் அண்ணாச்சி, நான் முடித்துத் தருகிறேன் என்கிறார். நம் கோயில் கொடைத் திருவிழாவுக்கு வருஷா வருஷம் வீடு வீடாக வரி பிரிக்கிறவர். சாமி காசைத் தொடுகிற ஆள் ஏமாற்றுவாரா?

ஷாகிர் அண்ணன் இங்கே பட்டறை வேலைக்கு வரும்போது டிபன் பையில் பதிலை வைத்தனுப்புங்கள்.

உங்கள் தங்கை
விஜயராணி


மான்குர்த்
5 ஜூன் 2025

ஏட்டி விஜயா,

நாங்கள் சுகம். உன் கடிதத்தைப் படித்தபின் அதுவும் இல்லை. அல்லாஹ் உன்னைக் காப்பாற்றட்டும், ஆனால் நீயும் கொஞ்சம் புத்தியோடு இரு. நாலு ஆப் ஆகிற வரைக்கும் வாயில் கொழுக்கட்டையா வைத்திருந்தாய்?

கிங்ஸ் சர்க்கிளில், பூக்கடைகளுக்குப் பின்னால் ஒரு பழைய கட்டடம், முதல் மாடி. செவ்வாயும் வெள்ளியும் பத்து மணிக்கு. வாசலில் ஒரு நோட்டு கிடக்கும், வரிசைக்கு அதில் பெயர் எழுத வேண்டும். ஒரு மராத்தி மேடம். சிரிக்கவே மாட்டார், தமிழும் தெரியாது. ஆனால் என்னிடம் ஒரு டீகூட வாங்கிக் குடித்ததில்லை. காகிதம் எல்லாவற்றையும் பார்த்து, எதை முதலில் கட்டுவது, யாரிடம் அவகாசம் கேட்பது, மிரட்டினால் எங்கே புகார் கொடுப்பது என்று ஒவ்வொன்றாகச் சொல்வார். புருஷனைக் கூட்டி வா என்பார். அதற்குத்தான் நீ பயப்படுவாய்.

பூதத்தான் கொடைக்கு வரி பிரிக்கட்டும். கடனை முடித்துத் தருகிறேன் என்று முன்பணம் கேட்டால் அந்த வாசலை மிதிக்காதே.

ஒன்று கேட்கிறேன், மறைக்காமல் சொல். அந்த ஆப்களில் எங்கேயாவது என் நம்பரைக் கொடுத்தாயா? மாப்பிள்ளை வீட்டார் என் போனுக்குத்தான் பேசுகிறார்கள்.

ஷமீமா


தாராவி
12 ஜூன் 2025

அன்புள்ள அக்கா,

செவ்வாய்க்கிழமை போனேன். படிக்கட்டு வரை போய்த் திரும்பிவிட்டேன், கோபப்படாதீர்கள். இனாமாக ஒருத்தர் எதற்கு நமக்கு இவ்வளவு செய்ய வேண்டும்? என் ஆதாரையும் கையெழுத்தையும் வாங்கி எங்கே விற்பார்களோ என்று நினைத்தேன். சூடு கண்ட பூனை அக்கா நான்.

பூதத்தான் அண்ணாச்சி நம் பேச்சு பேசுகிறார், என் அப்பா பெயரைச் சொல்லி விசாரிக்கிறார். கம்மலை அடகு வைத்து அவர் கேட்டதைக் கொடுத்துவிட்டேன். மூன்று மாதம் யாருக்கும் ஒன்றும் கட்டாதே, போனை அணைத்து வை, அவர்களே இறங்கி வருவார்கள் என்றார். இரண்டு நாளாக என் போன் அரிசி டப்பாவில் கிடக்கிறது. ரிப்பேர் என்று இவரிடம் சொல்லியிருக்கிறேன். வீடு அமைதியாக இருக்கிறது. அதுவும் பயமாகத்தான் இருக்கிறது.

ஜோயாவுக்கு என் அன்பு.

விஜயராணி


மான்குர்த்
17 ஜூன் 2025

விஜயராணிக்கு,

உன் போன் அரிசியில் தூங்கினால் அவர்களும் தூங்குவார்களா? என்னைக் கூப்பிடுகிறார்கள். சனிக்கிழமை மட்டும் பதினேழு தடவை. ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளையின் அம்மா எங்கள் வீட்டில் உட்கார்ந்திருக்கும்போது போன் அடித்தது. ஜோயா எடுத்தாள், கை தவறி ஸ்பீக்கரில் போட்டுவிட்டாள். அவன் சொன்ன வார்த்தையை இங்கே எழுத மாட்டேன். அந்த அம்மா டீயை அப்படியே வைத்துவிட்டு எழுந்தார். இன்றுவரை அங்கிருந்து பேச்சில்லை. ஜோயா சரியாகச் சாப்பிடுவதில்லை.

நான் நேராகக் கேட்டேன். நீ ஜோயாவுக்கு அன்பு எழுதி அனுப்பினாய்.

பூதத்தான் கடை பூட்டிக் கிடப்பதாக இவர் வந்து சொன்னார். வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு உன் புருஷன் நாகராஜைக் கூட்டிக்கொண்டு அந்த மேடத்திடம் போ. என்னைப் பார்க்க வராதே.

ஷமீமா


தாராவி
20 ஜூன் 2025, வெள்ளி

அக்கா,

அன்புள்ள என்று எழுத எனக்கு முகமில்லை.

நேற்று சாயங்காலம் உங்கள் கடிதங்களை இவர் முன்னால் வைத்தேன். இவருக்குப் படிக்க வராதே, நானே வாசித்துக் காட்டினேன். ஒரு வரி விடவில்லை. நான் உங்களுக்கு எழுதியதையும் சொன்னேன். கொழுக்கட்டை என்ற இடத்தில் மட்டும் தலையைத் தூக்கினார். முடிந்ததும், அடிப்பாரோ என்று சுவரோடு ஒட்டி நின்றேன். "அந்தப் பிள்ளைக்கா இப்படி ஆச்சு?" என்று கேட்டுவிட்டுச் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போனார். திரும்பி வருவாரா என்றுகூடப் பயந்தேன். காலையில் காகிதங்களை எல்லாம் அவரே பையில் எடுத்து வைத்து, "கெளம்பு" என்றார்.

பத்து மணிக்குப் போனோம். எங்களுக்கு முன்னே பதினைந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள். மேடம் நோட்டை எடுத்துக்கொண்டு வந்து, முதல் பெயர் யாருடையது, என்னால் படிக்க முடியவில்லை என்றார். ஒருவரும் எழுந்திருக்கவில்லை. நான் எட்டிப் பார்த்தேன். தமிழில், விஜயராணி நாகராஜ். அந்தக் கையெழுத்து எனக்குத் தெரியாமல் போகுமா அக்கா? எட்டு மணிக்கே ஒரு அம்மா வந்து எழுதிவிட்டு உடனே போய்விட்டார் என்று வாட்ச்மேன் சொன்னார். அப்படியும் படிக்கட்டில் இறங்கித் தேடினேன்.

நீங்கள் சொன்ன மாதிரி மேடம் சிரிக்கவே இல்லை. இரண்டு மணி நேரம் எங்களோடு உட்கார்ந்தார். அங்கேயே புகார் எழுத வைத்தார், உங்களுக்கு வந்த போன்களையும் அதில் சேர்த்திருக்கிறோம். கடன் தீர மூன்று வருஷமாவது ஆகும் என்றார். பயம் போய்விடவில்லை. போன் அடித்தால் நானும் இவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்கிறோம்.

நீங்கள் கேட்டதற்கு இப்போது பதில் சொல்கிறேன். ஆமாம், கொடுத்தேன். தெரிந்தவர் நம்பர் ஒன்று ஆப்பில் கேட்டது. எனக்கு மனப்பாடமாகத் தெரிந்தது உங்கள் நம்பர் ஒன்றுதான்.

மேடம் கொடுத்த படிவத்திலும் அப்படி ஒரு இடம் இருந்தது. பேனாவை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இவர் வாங்கித் தன் நம்பரை எழுதினார்.

நீங்கள் பதில் எழுத மாட்டீர்கள் என்று தெரியும். நாளைக்கும் அண்ணனின் டிபன் பையைப் பார்ப்பேன்.

விஜயராணி