ஐந்தாவது முடிச்சு

தென்காசி
செவ்வாய்க்கிழமை

அன்பு மகன் ஹுஸைஃபாவுக்கு உன் உம்மா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். இங்கே வாப்பாவும் நானும் சுகம், அங்கே வெயிலில் நீயும் சுகமாக இருக்க துஆச் செய்கிறேன். ஐந்து நாளாகச் சாரல், துவைத்த துணி எதுவும் காயவில்லை. இனிமேல் எழுதப்போவதைப் போனில் சொன்னால் நீ சிரித்தே மழுப்பிவிடுவாய், வாப்பா பக்கத்தில் இருக்க எனக்கும் வாய் வராது. லீவில் வந்த பக்கத்து வீட்டு முஃபீத் வியாழக்கிழமை மஸ்கட் திரும்புகிறான், அவனிடம் கொடுத்தனுப்புகிறேன். பள்ளிக்கூட அலுவலக வேலையோடு சாரணர் பொறுப்பையும் உன் தலையில் கட்டிவிட்டார்களே, அந்தப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க நீ எழுதிய ஐந்து முடிச்சுகளின் பட்டியலை மேசையில் வைத்து எடுத்த படம் போனில் வந்தது. நாலு சரி. காயத்துக்குக் கட்டுப்போட ரீஃப், கம்பில் கட்ட கிளவ் ஹிட்ச், இரண்டு கயிற்றை இணைக்க ஷீட் பெண்ட், ஆளைத் தூக்க போலைன், அதன் வளையம் எவ்வளவு இழுத்தாலும் இறுகாது. ஐந்தாவதாகத் தூக்குக்கயிறு முடிச்சு என்று எழுதி, பிள்ளைகள் வீடியோ பார்த்துவிட்டுக் கேட்கிறார்கள் என்று பக்கத்தில் குறித்திருக்கிறாய். அந்த ஐந்தாவது மட்டும் வேண்டாம். ஏன் என்று உனக்கு மட்டும் சொல்கிறேன்.

போன வாரம் இலஞ்சிப் பள்ளிக்கூடத்தில் என் சாரணியர் பிள்ளைகளுக்கு விறகு கட்டுவதற்குச் சுருக்கு முடிச்சு சொல்லிக்கொடுத்தேன். விறகுக்குத்தானே என்று நினைத்தேன். வருகைப் பதிவேட்டை வைத்துவிட்டு வருவதற்குள் ஆறாம் வகுப்பு சத்யபிரியா விளையாட்டில் கன்றுக்குட்டி ஆகிவிட்டாள். கழுத்தில் அதே சுருக்கு, தொழுவத்துக்குப் பிடித்துப்போகிறோம் என்று இரண்டு பேர் இழுக்கிறார்கள். கன்று முரண்டு பிடிக்கிறது என்று சிரிக்கிறார்கள், அவளுக்குச் சத்தமே வரவில்லை. விரலை உள்ளே விட்டு இளக்கினேன். பிழைத்துக்கொண்டாள், கழுத்தில் சிவந்த கோடு மட்டும். சாயங்காலம் அவள் அப்பா இசக்கிப்பாண்டி வந்தார், மாடு வைத்திருப்பவர். திட்டுவார் என்று நின்றேன். "கன்னுக்குட்டி கழுத்துலகூட நாங்க இறுகுத முடிச்சு போட மாட்டோம் டீச்சர், பிள்ளையளுக்கு இத ஏன் சொல்லிக் குடுத்திய?" என்று மெதுவாகத்தான் கேட்டார்.

நமக்குள் பதினெட்டு வயதுதான் வித்தியாசம், அக்கா ஏதோ சொல்கிறாள் என்பதுபோல் இதைத் தள்ளிவிடாதே. எது கடினம், எது அழகு என்று பார்க்காதே, நாம் திரும்பி நின்றதும் பிள்ளை அதை எங்கே மாட்டும் என்று பார். உன் படத்தை நேற்றுதான் பெரிதாக்கிப் பார்த்தேன், மேசைக்குப் பின்னால் ஜன்னல் கம்பியில் மாதிரிக்கு நீ கட்டிய அந்த முடிச்சு தொங்குகிறது. சனிக்கிழமை பிள்ளைகள் வருமுன் அதை அவிழ்த்துவிடு. கேட்டால் சொல்லித்தர மாட்டேன் என்று சொல். சார் பயந்துவிட்டார் என்று கேலி செய்வார்கள், செய்யட்டும்.

நேரத்துக்குச் சாப்பிடு, தொழுகையை விடாதே. அல்லாஹ் உன்னையும் உன்னிடம் வரும் பிள்ளைகளையும் பாதுகாப்பானாக. அவிழ்த்த கயிற்றைப் படம் எடுத்து அனுப்பு, வெறும் சொல் எனக்குப் போதாது.

உன் உம்மா,
ஷமீம் பானு