அஷ்டமி நவமி பார்க்காத பூ

வலியசாலை, திருவனந்தபுரம்
ஞாயிறு மத்தியானம்

சிரஞ்சீவி ராஜிக்கு அம்மா மனசு நிறைந்த ஆசீர்வாதம். சௌபாக்யவதி என்று ஆரம்பிக்கத்தான் கை துடிக்கிறது, அதற்கு வேளை வந்ததா இல்லையா என்பதை இதைப் படித்துவிட்டு நீயே தீர்மானம் பண்ணிக்கொள். இங்கே எல்லாரும் சௌக்கியம், என் இடது முழங்காலும் உன் அப்பாவின் கௌரவமும் மட்டும் கொஞ்சம் வீங்கியிருக்கின்றன. முதலில் என் மானம் போன கதையைச் சொல்லித் தொலைத்துவிடுகிறேன், இல்லாவிட்டால் எதிராத்து ஸ்ரீலக்ஷ்மி தன் பெண்ணுக்கு அனுப்பி அவள் உனக்கு அனுப்பி வீடியோவாகவே வந்து சேரும். போன தசமியன்று காலையில் தெருவே கூடி நிற்க, நாதஸ்வரக்காரர் கல்யாணி வாசித்துக்கொண்டிருக்க, உன் அம்மா தெருக்கோடிக் குளத்தில் விழுந்தாள். பதறாதே, இடுப்பளவு தண்ணீர்தான். ஆனால் கட்டியிருந்தது உன் நிச்சயதார்த்தத்துக்கென்று அப்பாவுக்குத் தெரியாமல் சாலை பஜார் ஜவுளிக்கடையில் எடுத்து அரிசி டிரம்முக்குப் பின்னால் ஒளித்து வைத்திருந்த கத்திரிப்பூ நிறப் பட்டு. என்னைக் கரையேற்ற மூன்று பேர் இழுத்தார்கள், நாதஸ்வரக்காரர் மட்டும் வாசிப்பை நிறுத்தவே இல்லை, அவருக்கு அதுவும் நிகழ்ச்சியில் ஒரு ஐட்டம் என்று தோன்றியிருக்கும். இதையெல்லாம் ஏன் காகிதத்தில் எழுதுகிறாள் என்று கேட்பாய், வாட்ஸாப்பில் தட்டினால் உன் அப்பா மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு பின்னால் வந்து நிற்கிறார்.

விஷுவன்று நீ தியாகோவைத்தான் கல்யாணம் பண்ணிக்கொள்வேன் என்று சொன்ன நாளிலிருந்து அப்பா உன்னோடு பேசுவதில்லை அல்லவா. நான் தெருவில் தியாகு என்றே சொல்லி வைத்தேன், கேட்கிறவர்கள் திருவையாற்றுப் பையன் என்று நினைத்துக்கொள்ளட்டும் என்று, அது ஒரு வாரம்கூடத் தாங்கவில்லை, ஸ்ரீலக்ஷ்மி இருக்கிறாளே. அப்பாவுக்கு ஒரே பாட்டுத்தான், எங்கேயோ பிரேசிலில் கிடக்கிறவன், நம்ம மண்ணும் நம்ம தண்ணியும் அறியாதவன் என்று. மனுஷரோடு பேசாதவருக்குப் பொழுது போகவேண்டாமா, அதற்குத் தோதாகக் கர்க்கடக மழையில் வாய்க்கால் வழியாக ஒரு செடி மிதந்து வந்தது. இங்கே குளவாழை என்பார்கள், நாகர்கோவில் பக்கம் ஆகாயத்தாமரை. வரும்போது ஒரு கை அளவு, ஓணத்துக்குள் குளம் முழுக்கப் பச்சைப் பாய் விரித்துவிட்டது. பிடுங்கிப் பார்த்தால் தண்டு ஒவ்வொன்றும் சின்ன வெங்காயம் மாதிரி காற்றடைத்து உப்பியிருக்கும், அடியில் கறுப்பாகத் தாடி மாதிரி வேர் தொங்கும், மண்ணைத் தொடவே தொடாது. குளத்து ஆமைகள் தலையை நீட்ட இடமில்லாமல் படியேறி வந்து வரிசையாக உட்கார்ந்துகொண்டன, ரேஷன் கடை வாசல் கெட்டது போ. கார்ப்பரேஷன் ஆட்கள் வாரிப்போட வந்தார்கள், நம் தெரு அசோசியேஷன் பிரஸிடெண்ட் உன் அப்பா படியில் போய்க் குறுக்கே நின்றார், அதில் மொட்டு வந்திருக்கிறதாக்கும், பூக்கிற செடியில் கை வைக்கக் கூடாது என்று.

அப்புறம் பூத்தது. பொய் சொல்லக்கூடாது, அழகாகத்தான் இருந்தது. ஒரு தண்டில் ஏழெட்டுப் பூ, ஒவ்வொன்றிலும் ஆறு இதழ், எல்லாம் இளம் கத்திரி நிறம், மேல் இதழில் மட்டும் நீல வளையத்துக்குள் மஞ்சள் கண். அதைப் பார்த்ததும் உன் அப்பா மயில்பீலி மயில்பீலி என்று கண்ணில் ஜலம் விட்டார். சாயங்காலத்துக்குள் சரித்திரமே தயார். இது சாக்ஷாத் தாமிரபரணிச் செடி, நம் முன்னோர்கள் திருநெல்வேலியிலிருந்து வரும்போது செப்புக்குடத்தில் கொண்டுவந்தது, நம்மை மாதிரியே இந்த மண்ணில் ஊன்றியது என்று கோவில் மைக்கில் சொல்லிவிட்டார். மண்ணையே தொடாத செடி எங்கே ஊன்றும் என்று நான் கேட்கவில்லை. அவர் கொள்ளுத்தாத்தா ஊட்டுப்புரையில் இலவசச் சாப்பாடு என்று கேள்விப்பட்டு வந்தவர், கையில் செடி கொண்டுவரவில்லை, பசியைத்தான் கொண்டுவந்தார் என்பதையும் சொல்லவில்லை. சொன்னால் ராத்திரி ரசத்தில் உப்பில்லை என்பார்.

நம் தெரு வழக்கம்தான் உனக்குத் தெரியுமே, எந்தச் செடியானாலும் முதல் பூ சுவாமிக்கு, அதுவும் வேளை பார்த்து. பூ விரிந்த அன்று அஷ்டமி. மறுநாள் நவமி. வாத்தியார் பஞ்சாங்கத்தைப் புரட்டி தசமி காலை எட்டரைக்கு மேல் என்றார், உன் அப்பா உடனே நாதஸ்வரம் சொல்லி, நோட்டீஸ் அடித்து, பெண்டுகள் எல்லாரும் பூவின் நிறத்திலேயே புடவை கட்டவேண்டும் என்று உத்தரவும் போட்டார், அது ஸ்ரீலக்ஷ்மியின் மூளை. பஞ்சாங்கத்தைக் கேட்டார்கள், வாத்தியாரைக் கேட்டார்கள், பூவை ஒருத்தர் கேட்கவில்லை. ராஜி, அந்தப் பூவுக்கு ஆயுசே ஒரு நாள், மிஞ்சிப் போனால் ஒன்றரை நாள். அதற்குமேல் தண்டே வளைந்து தலையைக் கொண்டுபோய்த் தண்ணீருக்குள் செருகிக்கொள்ளும், விதையை அங்கேதான் விடுமாம். தசமியன்று இருபத்தைந்து பெண்கள் கத்திரிக்காய்ச் சந்தை மாதிரி படியில் நிற்கிறோம், உன் அப்பா வெள்ளித் தாம்பாளத்தோடு முன்னால் நிற்கிறார், குளத்தில் ஒரு பூ இல்லை. அத்தனை செடியும் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறது. அவர் முகத்தைப் பார்க்கச் சகிக்கவில்லை. அந்தப் பக்கத்து மூலையில் வாடியும் வாடாமலும் ஒன்று இருந்தது, அதையாவது பறித்துத் தட்டில் போடலாம் என்று எட்டினேன். மீதிதான் முன்னாலேயே சொல்லிவிட்டேனே.

நான் ஈரப் புடவையோடு நடுங்கிக்கொண்டு நிற்கிறபோதுதான் சேஷன் வாயைத் திறந்தார். பிரஸிடெண்ட் எலெக்ஷனில் உன் அப்பாவிடம் தோற்ற அந்த பாங்க் சேஷன்தான், மனுஷருக்கு இரண்டு வருஷமாக இதே ஒரு தருணத்துக்குத்தான் காத்திருப்பு. செல்போனை உயர்த்திப் பிடித்து ஊருக்கே கேட்கிற மாதிரி வாசித்தார், இந்தச் செடியின் பூர்வீகம் தென் அமெரிக்கா, அமேசான் ஆறு, பிரேசில், பூ அழகென்று யாரோ இந்த நாட்டுக்குக் கொண்டுவந்து விட்டது என்று. வாசித்துவிட்டு, என்ன ஓய் ராமசுப்ரமணியா, தாமிரபரணி என்றீரே, இது உம்ம மாப்பிள்ளை ஊர்ச் செடியன்றோ என்று பல்லைக் காட்டினார். நாதஸ்வரக்காரர் அப்போதுதான் நிறுத்தினார், நிறுத்தத் தெரிந்த இடம் பார். தெருவே உன் அப்பாவைப் பார்த்தது. நான் சுவாமியை வேண்டிக்கொண்டேன், இந்த மனுஷர் தாம்பாளத்தால் அடித்துவிடக் கூடாதே என்று. அவர் அங்கவஸ்திரத்தை உதறித் தோளில் போட்டார். ஆமாம் ஓய், எங்காத்து மாப்பிள்ளை ஊர்ச் செடிதான், பின்னே, மாப்பிள்ளை வருவதற்கு முன்னாலேயே சீர் வந்து இறங்கியிருக்கிறது, உம்ம மாப்பிள்ளை ஊர், இதோ கூப்பிடு தூரத்துக் கரமனை, அங்கேயிருந்து ஒரு துளசியாவது வந்ததா என்றார்.

கேட்டாயோடி. ஐந்து மாசம் நான் அழுது, நீ அழுது, உன் பெரியப்பா வந்து பஞ்சாயத்து பண்ணி நடக்காதது, சேஷனுக்குப் பதில் சொல்லவேண்டும் என்ற ஒரே துவேஷத்தில் நடந்துவிட்டது. இதை அன்பு, மனமாற்றம் என்றெல்லாம் நினைத்து நீ உருகாதே. முப்பது வருஷமாகப் பார்க்கிறேன், உன் அப்பாவுக்கு அன்பு வந்தால் தூங்கிவிடுவார், வீம்பு வந்தால்தான் காரியம் நடக்கும். மைக்கில் சொன்னதையே பின்வாங்காதவர், தெரு நடுவில் மாப்பிள்ளை என்று சொன்னதைப் பின்வாங்க மாட்டார். வீட்டுக்கு வந்து எனக்கு வெந்நீர் போட்டுக் கொடுத்தார், அதுவே அதிசயம். அப்புறம் சுவரைப் பார்த்துக்கொண்டு, அந்தப் பையன் வீடு அந்த ஆற்றுப் பக்கமாக இருக்குமோ என்று கேட்டார். நான் தலையைத் துவட்டிக்கொண்டே, வாசலில் இறங்கினால் ஆறுதான் என்றேன். அப்படியானால் நல்ல ஆற்றுத்தண்ணி குடித்து வளர்ந்தவன்தான் என்று சொல்லிவிட்டு பேப்பரை எடுத்துக்கொண்டார். இப்போது மாடியில் பழைய அண்டாவில் அந்தச் செடி நாலு மிதக்கிறது, கொசு நம்மைத் தூக்கிக்கொண்டு போகிறது, கேட்டால் மாப்பிள்ளைச் செடி என்கிறார். குளத்தை வார ஆட்கள் நாளைக்கு வருகிறார்கள், தானே போன் பண்ணி வரச்சொல்லிவிட்டார், சீர் கொஞ்சம் அதிகமாக வந்துவிட்டதாம்.

உன்னை நாளைக்கே கூப்பிடுவார் என்று நினைக்காதே. மகாளய பக்ஷம் வருகிறதாம், விஜயதசமியன்று நல்ல வேளையில்தான் பேசுவாராம். பூதான் பொறுக்கவில்லை, நீயாவது பொறுத்துக்கொள், அந்தக் கோபத்தில் நீயும் தலையைக் கவிழ்த்துக்கொண்டுவிடாதே. தியாகோவுக்கு நமஸ்காரம் மாமா என்று இரண்டு வார்த்தை சொல்லிக்கொடு, போதும், அதற்குமேல் பேசவிட்டால் ஆபத்து. ஆற்றைப் பற்றிக் கேட்டால் சிரிக்கச் சொல். வேளைக்குச் சாப்பிடு, ஞாயிற்றுக்கிழமையாவது தலையில் எண்ணெய் வை. புடவை சாயம் போகவில்லை, சேறு மட்டும் அலசி நிழலில் உலர்த்தியிருக்கிறேன், உன் நிச்சயத்துக்கு அதையேதான் கட்டுவேன், யார் என்ன சொன்னாலும் சரி. பத்மநாபன் துணையிருந்து நீ நினைத்தது நடக்கட்டும்.

உன்னை நினைத்துக்கொண்டே இருக்கும் அம்மா,
சூடாமணி

பின்குறிப்பு: உன் பழைய அட்லஸை எடுத்துப் பார்த்தேன். தியாகோ பிறந்து வளர்ந்த சாவோ பாலோவுக்கும் அந்த ஆற்றுக்கும் நடுவில் இங்கேயிருந்து காஷ்மீர் போகிற தூரம் இருக்கிறது. அவன் ஊர் ஏரியில் இந்தச் செடி வந்துவிட்டால் அவர்களும் மிஷின் வைத்துத்தான் வாரி எறிகிறார்களாம்.