கோடு விழாத படகு

மார்கழி, ஞாயிறு இரவு.

மெல்லிய தேவதாரு மரச் சட்டங்களை ஒட்டி ஒட்டி இவர் வருடமெல்லாம் கார் ஷெட்டில் செய்த படகு ஒருவழியாக முடிந்தது. இன்று குட்டியானை வண்டியில் ஏற்றிப் புதுமடம் கரைக்குக் கொண்டுபோனோம். என் அண்ணன்தான் ஒரு பக்கம் தூக்கினார். அலை காலைத் தொடும் முன்பே இவர் கத்தினார்.

"மச்சான், எறக்காதீக! மணல்ல உரசுனா வார்னிஷ்ல கோடு விழுந்துரும்."

"தண்ணியில விடாம எதுக்குங்க படகு?" என்றேன்.

"ஒனக்கு அதெல்லாம் வெளங்காது."

வெளங்கத்தான் இல்லை. தண்ணீர் ஆகாத படகை உலகத்திலேயே இந்த மகராசன்தான் செய்திருக்கிறார். செல்ஃபிக்கு மட்டும் குறைவில்லை. திரும்ப ஏற்றி வந்தாயிற்று.

இப்போது பனி படுமாம். என் கம்பளியை உருவிக்கொண்டு போய்ப் படகுக்குப் போர்த்திவிட்டு வந்து குறட்டை விடுகிறார். நான் சேலைத் தலைப்பை இழுத்து மூடிக்கொண்டு எழுதுகிறேன்.