ஐவர் என்பது ஒருவர்

அன்புள்ள ஐவர் அண்ணா,

நான் ஞானமுத்து. இந்தக் கல்லறைத் தோட்டத்தில் முப்பது வருடமாக உங்கள் மேல் முளைக்கும் புல்லை வெட்டுகிறவன். எழுபத்தோரு வயதில் எழுத்துப் படித்து எழுதும் முதல் கடிதம் இது. மெதுவாகத்தான் எழுத வருகிறது. உங்களுக்கும் அவசரம் இல்லையே?

முதலில் ஒரு மன்னிப்பு. உங்கள் கல்லின் தமிழ்ப் பக்கத்தில் நான் எழுத்துக்கூட்டிப் படித்த முதல் சொல் 'ஐவர்'. அடடா, ஐந்து பேர் இதற்குள் நெருக்கிக்கொண்டு கிடக்கிறார்களே என்று கல்லறைத் திருநாளன்று ஐந்து மெழுகுவத்தி ஏற்றினேன். எனக்கு எழுத்துச் சொல்லித்தரும் ஸ்டெல்லா டீச்சர் பார்த்துவிட்டுச் சிரித்த சிரிப்பு!

"ஏனுங்கய்யா, அது அஞ்சு பேரில்லீங்க. ஒரே ஆளோட பேருங்க!"

மறுபக்கத்து இங்கிலீஷையும் அவரே படித்துச் சொன்னார். வேல்ஸ் நாட்டில் நிலக்கரி வெட்டுகிறவரின் மகன். அந்த நாடு ரக்பி ஆடத் தொடங்கிய காலத்தில் அதற்காக ஆடியவர். தோள் எலும்பு முறிந்து ஆட்டம் நின்றது. கோயம்புத்தூருக்கு மிஷன் பள்ளி வாத்தியாராக வந்து, முப்பத்திரண்டு வயதில் காய்ச்சலில் போனவர்.

கல்லில் செதுக்கியிருப்பதைத் தேங்காய் என்றுதான் நினைத்திருந்தேன். முட்டை வடிவ ரக்பிப் பந்தாமே! ஆட்டத்தில் அதைக் கையால் கொடுப்பதென்றால் பின்னால் வருகிறவனுக்குத்தான் கொடுக்கவேண்டும் என்று டீச்சர் சொன்னார். உங்கள் பின்னால் யார் வந்தார்கள் அண்ணா?

இனி ஒரு செய்தி, பயப்படாதீர்கள். உறவினர் யாரும் வராத பழைய கல்லறைகளை எடுத்துவிடுவதாகப் போன மாதம் வாசலில் நோட்டீஸ் ஒட்டினார்கள். நானே படித்தேன். படிக்க முடிந்த சந்தோஷமும் படித்ததால் வந்த பதற்றமும் ஒன்றாக வந்தன. கல்லறைத் தோட்டத்து ஆபீசுக்குப் போய், உங்கள் கல்லை எடுக்கவேண்டாம் என்று விண்ணப்பம் எழுதினேன். உறவுமுறை என்ற இடத்தில் 'தம்பி' என்று போட்டேன்.

கிளார்க் நிமிர்ந்து பார்த்தார். "அவரு போயி நூறு வருசத்துக்கு மேல ஆச்சுங்க. நீங்க தம்பியா?"

"அவருக்குப் பொறகுதானுங்களே நான் பொறந்தேன்?"

"அப்படிப் பார்த்தா ஊரே தம்பிதானுங்க!"

"வரட்டுமுங்க. இன்னிக்கு நான் வந்திருக்கறேன்."

சிரித்துக்கொண்டே தாளை உள்ளே கொண்டுபோனார். நேற்றுப் பதில் வந்தது. அழிந்த எழுத்துகளை உறவினர் புதுப்பித்தால் கல்லை விட்டுவைப்பார்களாம்.

கருப்புப் பெயிண்ட் வாங்கிவிட்டேன். கிறிஸ்துமசுக்குள் ஓர் எழுத்து விடாமல் என் கையாலேயே தீட்டிவிடுவேன். மெழுகுவத்தி மட்டும் இனியும் ஐந்துதான். குறைக்க மனசு வரவில்லை.

பந்தைப் பின்னால் விடுங்கள் அண்ணா. பிடித்துக்கொள்கிறேன்.

உங்கள் பின்னால் ஓடிவரும் தம்பி,
ஞானமுத்து