சலேஹா தட்டில் கண்டது

ஜெலுத்தோங், பினாங்கு

அன்பு மகள் துளசிக்கு அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் சுகமாக இருக்கிறோம், கிளாஸ்கோ குளிரில் நீயும் அப்படியே இருக்க வேண்டும். போன மாதம் சுகம் என்று எழுத எனக்குக் கை வரவில்லை. போனில் அம்மாவுக்குக் காய்ச்சல் என்று மட்டும்தான் சொன்னேன். ஆபத்து தாண்டிவிட்டது, இப்போது முழுவதையும் எழுதுகிறேன், பயப்படாமல் படி.

சீனப் பெருநாள் முடிந்ததிலிருந்து அம்மாவுக்கு மூன்று தடவை நீர்க்கடுப்பு வந்தது. கிளினிக்கில் ஆன்டிபயாடிக் கொடுத்தார்கள், இரண்டு நாளில் எரிச்சல் நின்றதும் மருந்து சூடு, போதும் என்று நிறுத்தச் சொன்னவன் நான்தான். மிச்ச மாத்திரையை எடுத்து வைத்து அடுத்த தடவை கொடுத்தவனும் நான்தான். நாலாவது தடவை பாசாரில் மீன் வாங்கிக்கொண்டிருந்தவள் கிடுகிடுவென்று நடுங்கி அப்படியே உட்கார்ந்துவிட்டாள். ஆஸ்பத்திரியில் டாக்டர் வினோதன் உடனே ஊசி மருந்து ஏற்றினார், ஆனால் இரண்டு நாளாகியும் காய்ச்சல் இறங்கவில்லை, பிரஷர்தான் இறங்கியது. என்னை அடையாளம் தெரியாமல் உன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள். மகளே, அப்போது நான் இருந்த இருப்பை எழுத முடியாது.

மூன்றாம் நாள் காலை லேப்பில் வேலை செய்யும் சலேஹா என்ற மலாய்க்கார அம்மா வார்டுக்கே ஏறி வந்தார். வார்டு போன் கிடைக்கவில்லையாம், காத்திருக்க மனசில்லாமல் நாலு மாடி படியேறி வந்திருக்கிறார். அம்மாவின் சிறுநீரில் இருந்த கிருமியைத் தட்டில் வளர்த்து, அதன் மேல் ஆறு மருந்தை வைத்துப் பார்த்தாராம். ஐந்து மருந்தின் ஓரம் வரைக்கும் கிருமி வளர்ந்திருக்கிறது, ஒன்றைச் சுற்றி மட்டும் வளராமல் நின்றிருக்கிறது. அதோடு விடவில்லை. கிருமி தட்டு முழுக்க அலை அலையாகப் பரவியதைப் பார்த்துவிட்டு, "டாக்டர், இது கல்லு கட்டுற ஜாதி. திரும்பத் திரும்ப வருதுன்னா உள்ள கல்லு இருக்கணும்லா, ஸ்கேன் இன்னைக்கே பாருங்க" என்றார். மலாயில் சொன்னதை நான் தமிழில் எழுதுகிறேன். டாக்டரும் அடுத்த வாரத்துக்கு இருந்த ஸ்கேனை அன்று மத்தியானமே எடுத்தார். வலது கிட்னியில் இஞ்சிக் கிழங்கு மாதிரி கிளை விட்ட கல், அதற்குள்தான் கிருமி குடியிருந்திருக்கிறது. முதுகு வழியாகக் குழாய் போட்டுச் சீழை எடுத்தார்கள், மருந்தையும் மாற்றினார்கள், அதிலிருந்து இரண்டாம் நாள் அம்மா கஞ்சி கேட்டாள். பிறகு கல்லை உடைத்து எடுத்தார்கள், கிட்னி தப்பியது.

பாயான் பாரு ஃபேக்டரியில் இருபத்தெட்டு வருஷம் மைக்ரோஸ்கோப்பில் கண்ணை வைத்துக் கம்ப்யூட்டர் சில்லு சோதித்தவன் நான். கெட்டதைத் தள்ளி வைக்க எல்லாருக்கும் தெரியும், ஏன் கெட்டது என்று அதன் பின்னாலேயே போகிறவர்கள் குறைவு. அதுவரை அம்மாவின் முகத்தைக்கூடப் பார்த்திராத ஒருவர் அப்படிப் போனதால்தான் அவள் இன்று வீட்டில் இருக்கிறாள். நன்றி சொல்லப் போனேன். "தட்டுல இருந்ததைத்தான் சொன்னேன் பாக்சிக்" என்று, சொந்த மாமாவைக் கூப்பிடுவது போலக் கூப்பிட்டுச் சிரித்தார். மிச்ச மாத்திரை விஷயத்தையும் அவரிடம் ஒப்புக்கொண்டேன். திட்டவில்லை. கல்லுக்குள் இருக்கும் கிருமியை அரைகுறை மருந்து கொல்லாது, அந்த மருந்துக்கே பழக்கிவிடும் என்று பொறுமையாக விளக்கினார். கடைசியில், "கேக்குற மருந்து ஆறுல ஒண்ணுதான் மிச்சம் இருந்துச்சு பாக்சிக்" என்றார்.

அம்மாவிடமும் எல்லாவற்றையும் சொன்னேன். முழுவதையும் கேட்டுக்கொண்டாள். பிறகு, "இனிமே டாக்டர் வேலை வேணாங்க, தண்ணி ஊத்திக் குடுங்க, அது போதும்" என்றாள். அந்த வேலையைத்தான் இப்போது செய்கிறேன்.

உனக்கும் டாக்டர் மருந்து கொடுத்தால் சொன்ன நாள் முடியும் வரைக்கும் சாப்பிடு, யாருடைய மிச்சத்தையும் தொடாதே. குளிர் என்று தண்ணீரைக் குறைக்காதே. முருகன் உன்னை நோய் நொடியில்லாமல் வைத்திருக்கட்டும். ஞாயிற்றுக்கிழமை போன் செய், அம்மா எழுந்து நடந்தபடியே உன்னோடு பேச வேண்டும் என்கிறாள்.

என்றும் உன் நினைவில்,
அப்பா நல்லமுத்து