கடைசி இருபது நிமிட ஓட்டம்

கஃப்ஸா,
20 ஜூன் 2024

அன்புத் தம்பி வஜ்திக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். ஒருவழியாக வீடு மாறி வந்துவிட்டோம். பிஸெர்ட்டாவின் கடற்காற்றில் வளர்ந்த பிள்ளைகள் இந்த வெயிலைத் திட்டித் தீர்க்கிறார்கள். எதிர்வீட்டிலிருந்து வழியனுப்பக்கூட நீ வரவில்லை என்று உன் அண்ணி ரவ்தாவுக்கு உன்மேல் கோபம்.

அங்கத்து கால்பந்து கிளப் ஒப்பந்தத்தை நீட்டிக்காமல் என்னை விட்டதில் எனக்கு உன்மேல் வருத்தமில்லை. ஓட்டத்தை அளக்க முதுகில் மாட்டுகிற கருவி காட்டியதைத்தானே கிளப்பின் புள்ளிவிவரக்காரனாக நீ எழுதிக் கொடுத்தாய்? கடைசி இருபது நிமிடத்தில் என் ஓட்டம் பாதியாகிவிட்டதாம். "நம்பர் பொய் சொல்லுமா நவ்ஃபல்?" என்றார் கோச். முப்பத்து மூன்று வயதில் கால் ஓய்ந்துவிட்டது போல.

இங்கத்து கிளப் இரண்டு வருடத்துக்குக் கூப்பிடுகிறது. அடுத்த வெள்ளிக்கிழமை மறுத்துவிடப் போகிறேன். ஓட முடியாதவன் மைதானத்தில் நின்று அவமானப்படுவானேன்? மச்சானின் எண்ணெய்க் கடையில் உட்கார்ந்துகொள்கிறேன்.

உன் அண்ணன்,
நவ்ஃபல்

பிஸெர்ட்டா,
24 ஜூன் 2024

மதிப்புக்குரிய நவ்ஃபல் அண்ணனுக்கு,

வ அலைக்கும் ஸலாம். போனில் உங்கள் குரலைக் கேட்டால் எனக்குச் சொல்ல வராது. அதனால் கஃப்ஸா வேன் டிரைவர் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன். வெள்ளிக்கிழமை மறுத்துவிடாதீர்கள்.

உங்கள் காலில் ஒரு குறையும் இல்லை. ஒப்பந்தப் பேச்சுக்காக நான் கணக்கில் எடுத்த ஆறு ஆட்டங்களில் நாலு ரமலானில், பட்டப்பகலில் நடந்தவை. மற்றவர்கள் ஆட்ட நாள் நோன்பை விட்டு, ஈடாகப் பிறகு வேறு நாளில் பிடித்தார்கள். நீங்கள் ஒன்றையும் விடவில்லை. தண்ணீர்கூடக் குடிக்காமல் ஓடியவரை அவர்களோடு வைத்து ஒப்பிட்டேன். அந்த நாட்களைத் தனியே குறிக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. ஏனென்றால் நான் நோன்பு வைக்கவில்லை அண்ணே. மத்தியானம் கிளப்பில் என் அறையைப் பூட்டிக்கொண்டு சாப்பிட்டேன். எனக்கு அது எல்லா மாதத்தையும் போல ஒரு மாதம்.

பிழை தெரிந்தபோது நீங்கள் சாமான் கட்டிக்கொண்டிருந்தீர்கள். மூன்று வாரமாகிறது. கோச்சிடம் போனால், "ஊரே நோன்பு இருந்தப்ப உனக்கு மட்டும் எப்படிடா மறந்துச்சு?" என்று கேட்பாரே! அந்தப் பயத்தில் வாயை மூடிக்கொண்டேன். எந்த முகத்தோடு வழியனுப்ப வருவேன்? மன்னித்துவிடுங்கள்.

உங்கள் தம்பி,
வஜ்தி

கஃப்ஸா,
29 ஜூன் 2024

வஜ்திக்கு,

நேற்றுக் கையெழுத்துப் போட்டுவிட்டேன். அதற்கு நன்றி.

நீ நோன்பில்லை என்பது எனக்கு அப்போதே தெரியும். ஒரு மத்தியானம் உன் அறை வாசலில் சூரைமீன் வாசம் வந்தது. அந்த நேரம் கோச் உன்னைத் தேடி வந்தார். "அவன் தொழப் போயிருக்கான் கோச், நான் வரச்சொல்றேன்" என்று திருப்பி அனுப்பினேன். நோன்பு வைத்துக்கொண்டு பொய் சொன்னேன். இதை உன்னிடம் சொல்ல நினைத்ததே இல்லை.

நீ சாப்பிட்டது உனக்கும் படைத்தவனுக்கும் இடையில் உள்ளது. எண்ணைத் தப்பாக வைத்ததும் போகட்டும். அந்த மூன்று வாரம்தான் எனக்கு ஆறவில்லை. வீடு மாறும்வரை நான் உன் எதிர்வீட்டில்தானே இருந்தேன்.

இனி எழுதாதே.

நவ்ஃபல்